ஆலய முற்றத்து மண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையின் சேகரக் கமிட்டியில் (ஆலய நிர்வாகக் குழுவில்) இருக்கிறேன். ஆலயத்தின் நூற்றாண்டை ஒட்டி வளாகம் முழுவதும் பேவர் பிளாக் பதிக்க முடிவாகியிருக்கிறது. மொத்தம் 40 சென்ட். நடுவில் பெரிய வேம்பு ஒன்றும் மதில் ஓரம் ஏழெட்டுப் பனைகளும் நிற்கின்றன. வேம்பின் இலை உதிர்ந்து குப்பையாகிறது, வேர் தளத்தைத் தூக்கிவிடும் என்று அதை வெட்டவும் பேசுகிறார்கள். நான் மறுத்தபோது பெரியவர் ஒருவர், "பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்றுதானே கர்த்தர் சொன்னார்? கடைசியில் எல்லாம் அக்கினிக்கு இரையாகப் போகிறது. ஆத்துமாவைக் கவனியுங்கள்" என்றார். மரம், மண் என்று பேசினால் அது இயற்கை வழிபாட்டில் கொண்டுபோய் விடும் என்றார் இன்னொருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேதத்தின்படி என்ன சொல்வது? பேவர் பிளாக் வேண்டாம் என்றால் மழைக்காலச் சேற்றுக்கு என்ன வழி? அசனம் (சபையாரின் பொது விருந்து), கல்லறைத் தோட்டம் இவற்றில் என்ன செய்யலாம் என்றும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கமிட்டியில் எழுந்த கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேதம் வாசிக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் அவை. பதிலும் வேதத்திலிருந்துதான் வர வேண்டும்.

'ஆண்டுகொள்ளுங்கள்' என்பதிலிருந்து தொடங்குவோம். ஆதியாகமம் 1:28இல் அதற்கு எபிரேயத்தில் உள்ள சொல் ராதா. ராஜா குடிகளை ஆளுவதைக் குறிக்கும் சொல். இதே சொல் லேவியராகமம் 25:43இல் வருகிறது: வறுமைப்பட்டு விலைப்பட்ட சகோதரனைக் 'கொடூரமாய் ஆளாமல்' தேவனுக்குப் பயந்திரு. எசேக்கியேல் 34:4இல் மறுபடி வருகிறது: பலவீனமான ஆட்டைத் தேற்றாமல், காயப்பட்டதைக் கட்டாமல், 'பலாத்காரமும் கடூரமுமாய்' ஆண்ட மேய்ப்பர்கள்மேல் கர்த்தர் வழக்காடுகிறார். 72ஆம் சங்கீதத்தில் ஒரு சமுத்திரம் தொடங்கி மறுசமுத்திரம் வரை அரசாளுகிற ராஜாவுக்கும் இதே சொல்தான். அந்த ராஜா என்ன செய்கிறான்? கூப்பிடுகிற எளியவனை விடுவிக்கிறான். எப்படி ஆளுவது என்பதை வேதமே மூன்று இடத்தில் சொல்லிவிட்டது. அந்த மூன்றையும் விட்டுவிட்டு முதல் அதிகாரத்தின் ஒரு வினைச்சொல்லை மட்டும் கையில் எடுப்பது சரியான வாசிப்பு ஆகாது.

'கீழ்ப்படுத்தி' என்பது கடினமான சொல்தான். காபாஷ் என்ற அந்தச் சொல் தேசத்தை வசப்படுத்துவதற்கும் வருகிறது. முள் வெட்டி, கல் பொறுக்கி, நிலம் திருத்துகிற உழைப்பு அதில் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆறு வசனம் மேலே போய் 1:22ஐ வாசியுங்கள். 'பலுகிப் பெருகி' என்ற ஆசீர்வாதம் மனுஷனுக்கு முன்பே மீனுக்கும் பறவைக்கும் கொடுக்கப்பட்டாயிற்று. மனுஷன் ஆளுவதால் மீன் இல்லாமல் போகிறது என்றால், அது தேவன் ஏற்கெனவே உரைத்த ஆசீர்வாதத்துக்கு எதிராக ஆளுவது. உங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்படும் அந்த இடைவெளியைச் சட்டம் கொண்டுவந்தது. லேவியராகமம் 25இல் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னதை அறிந்த சபை அதைக் கேட்டு ஆச்சரியப்படக் கூடாது. 'தேசம் என்னுடையது' என்று அதே அதிகாரத்தில் 23ஆம் வசனம் சொல்கிறது. நாம் அங்கே பரதேசிகளும் புறக்குடிகளும்தான். உங்கள் ஆலயச் சொத்தின் பத்திரத்தையே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு டிரஸ்ட் பெயரில் இருக்கும், கமிட்டியின் பெயரில் இருக்காது. பத்திரத்தின்படியும் நீங்கள் காக்க வந்தவர்கள்தான்.

'காக்க' என்ற இந்தச் சொல்லில்தான் உங்கள் விவாதம் முழுவதும் நிற்கிறது. ஆதியாகமம் 2:15: மனுஷனை ஏதேன் தோட்டத்தில் 'பண்படுத்தவும் காக்கவும்' வைத்தார். எபிரேயத்தில் ஆபாத், ஷாமர். ஆபாத் என்றால் உழைப்பது, பணிவிடை செய்வது. எண்ணாகமம் 3:7, 8இல் லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் ஊழியத்துக்கும் இந்த இரண்டு வினைகளேதான். கூடாரத்தில் லேவியன் செய்வதும் தோட்டத்தில் ஆதாம் செய்வதும் ஒரே ஊழியம் என்று சொல்லியாயிற்று. இன்னும் பக்கத்தில் வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் ஐயர் கையை உயர்த்தி, 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்கிறார். எண்ணாகமம் 6:24. அங்கேயும் ஷாமர். அவர் நம்மை எப்படிக் காக்க வேண்டும் என்று ஆமென் சொல்கிறோமோ, அதே விதமாகத் தோட்டத்தைக் காக்கும்படி நாம் வைக்கப்பட்டிருக்கிறோம். தமிழ் வேதத்திலும் இரண்டு இடத்திலும் 'காக்க' என்றே இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. ஆமென் சொல்லி வெளியே வந்ததும் கால் படுகிற முதல் மண் ஆலய முற்றம்.

அக்கினியைப் பற்றி. பெரியவர் சொன்னது 2 பேதுரு 3:10: 'பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்'. சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி ஆகிய பழைய கிரேக்கப் பிரதிகளில் இந்த இடத்தில் 'எரிந்துபோம்' என்ற சொல் இல்லை. 'கண்டறியப்படும்', அதாவது நியாயத்தீர்ப்பில் வெளிப்படும் என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. அந்த வாதத்தை விட்டுவிட்டாலும், அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம் ஜலப்பிரளயத்தால் அந்நாளைய உலகம் 'அழிந்தது' என்கிறது. அழிந்த பிறகு நோவா கால் வைத்தது இதே பூமியில்தான். நியாயந்தீர்த்துச் சுத்திகரிப்பது வேறு, இல்லாமற்போகச் செய்வது வேறு. இந்த வசனத்தை வைத்துப் பேதுரு சொல்லும் முடிவும் 'ஆகவே கவலைப்படாதீர்கள்' என்பதல்ல. இவையெல்லாம் அழிந்துபோகிறபடியால் நீங்கள் எப்படிப்பட்ட பரிசுத்த நடக்கை உள்ளவர்களாயிருக்கவேண்டும் என்று கேட்கிறார். நம்முடைய சரீரமும் மண்ணுக்குப் போகிறதுதான். அதற்காக வைத்தியம் பார்க்காமல் விடுகிறோமா? வெளிப்படுத்தின விசேஷம் 11:18 'பூமியைக் கெடுத்தவர்களைக்' கெடுக்கும் காலத்தைப் பற்றிச் சொல்கிறது. ரோமர் 8இல் சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார் பவுல். பிரசவ வேதனை சாவின் வேதனை அல்லவே.

இயற்கை வழிபாடு என்ற பயத்தில் நியாயம் உண்டு. ரோமர் 1:25 சிருஷ்டிகரைத் தொழாமல் சிருஷ்டியைத் தொழுவதைக் கண்டிக்கிறது. ஆனால் மரத்தை வெட்டாதே என்று கட்டளையிட்டதும் மோசேயின் நியாயப்பிரமாணம்தான். உபாகமம் 20:19, பட்டணத்தை முற்றிக்கைபோடும் (முற்றுகையிடும்) யுத்த நேரத்தில்கூடக் கனிமரத்தின்மேல் கோடரி ஓங்கக் கூடாது. 22:6இல் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைப் பிடிக்கக் கூடாது. மரத்தைக் கும்பிடச் சொல்லாமலே மரத்தைக் காப்பாற்றச் சொல்கிற வேதம் நம்முடையது. 1967இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 'சயின்ஸ்' இதழில், சூழல் சீர்கேட்டின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் மனப்போக்கில் இருக்கிறது என்று எழுதினார். அவரே அந்தக் கட்டுரையின் முடிவில் துறவி அசிசி பிரான்சிஸை முன்மாதிரியாகக் காட்டினார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1989இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் தலைமைப் பிதா திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஐச் சிருஷ்டிக்கான ஜெப நாளாகக் குறித்தார். இன்று பல திருச்சபைகள் அந்த நாளிலிருந்து அக்டோபர் 4 வரை 'படைப்பின் காலம்' என்று ஆசரிக்கின்றன. இந்தத் தேதிகள் உங்களுக்கு ஒரு நடைமுறைக் காரணத்துக்காக வேண்டும், கீழே வருகிறேன்.

ஒரு ஆலயம் தன் வளாகத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு எத்தியோப்பியாவைப் பாருங்கள். அந்நாட்டின் வடக்கு மேட்டு நிலத்தில் இயற்கைக் காடு அநேகமாக அழிந்துவிட்டது. சுற்றிலும் உழுத வயலும் மேய்ச்சல் கட்டாந்தரையும். நடுவில் திட்டுத்திட்டாகப் பச்சை. ஒவ்வொரு திட்டின் மையத்திலும் ஒரு வட்ட வடிவ ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். தெற்கு கோந்தர் பகுதியில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. பலவும் சில ஏக்கர்தான். தேவாலயத்தைச் சுற்றிய மரங்கள் ஏதேனின் சாயல் என்பது அவர்கள் விசுவாசம். நாட்டு மரங்களின் விதை இன்று அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. ஆடுமாடு புகுந்து கன்றுகளை மேய்ந்ததால் காடு முதிர்ந்த மரங்களோடு நின்றுபோகத் தொடங்கியது. அலெமாயெஹு வாஸ்ஸி என்ற எத்தியோப்பியச் சூழலியலாளரும் அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் லோமனும் குருமாரோடு பேசி, சுற்றிலும் கல் சுவர் எழுப்ப உதவினார்கள். வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கல்லே சுவரானது. சுவருக்குள் கன்று முளைத்தது. அங்கேயும் கெடுதல் இல்லாமல் இல்லை: காட்டுக்குள் புதுக் கட்டடம், காங்கிரீட் கல்லறை, காசுக்காக நடும் யூகலிப்டஸ். உங்கள் வளாகத்துக்கு வரும் ஆபத்தும் இதே இனம்தான்.

இனி உங்கள் முற்றத்துக்கு வருவோம்.

40 சென்ட் என்றால் 17,424 சதுர அடி. ஆலயம் 80க்கு 40 அடி, குருமனை, கழிப்பறை எல்லாம் போக 13,000 சதுர அடி திறந்த மண் என்று கொள்வோம். ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரு மாலைநேரத்து 50 மி.மீ. மழைக்கு 60,000 லிட்டர். மணல் கலந்த மண்ணில் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும். முழுக்கத் தளம் போட்டால் ஐந்தில் நாலு பங்கு, 48,000 லிட்டர், தெருவுக்கு ஓடும். தெருவில் தாழ்வான வீடு யாருடையது என்று யோசியுங்கள். எசேக்கியேல் 34:18 காலால் தண்ணீரைக் குழப்பி மற்ற ஆடுகளுக்கு விடுகிற ஆடுகளைப் பற்றிச் சொல்வது இதைத்தான்.

சேறு வருவதற்குக் காரணம் மண் அல்ல, கூரை. 80க்கு 40 அடிக் கூரை ஏறக்குறைய 300 சதுர மீட்டர். கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் வாரியும் அதைக் கீழே இறக்கும் தாரைக் குழாயும் இல்லாத ஆலயத்தில் அத்தனை தண்ணீரும் சுவரோரம் கொட்டுகிறது, அங்கிருந்து வாசலுக்கு வருகிறது. கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துவிட்டால் பாதிச் சேறு அன்றைக்கே போய்விடும். மீதிக்குத் தரைச் சாய்வு: நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம், கீழே சொல்லப்போகும் மழைநீர்க் குழியை நோக்கி. அதன்மேல் நாலு அங்குலம் சரளை போட்டு ரோலர் ஓட்டினால் போதும்.

தளம் வேண்டிய இடமும் உண்டு. வாசலிலிருந்து முகப்பு வரை 80 அடி நீளம், எட்டடி அகலத்துக்கு ஒரு பாதை. கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் பிரேதப் பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கும் அது தேவை. சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்தில் ஒரு தளம், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் இருக்க. இரண்டும் சேர்ந்து 1,400 சதுர அடி. 13,000க்கு இது ஒன்பதில் ஒரு பங்குகூட வராது. மீந்த பணம் தண்ணீர் வேலைக்குத் தாராளமாகப் போதும். நடைபாதைக்கு 60 மி.மீ. கல், வண்டி ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. அடியில் சரளையும் அதன்மேல் இரண்டு அங்குலம் எம்-சாண்டும் மட்டும்; இணைப்பில் மணல். பல இடங்களில் அடியில் காங்கிரீட் போட்டு, இணைப்பையும் சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் சிமெண்ட் தரைதான், ஒரு சொட்டு இறங்காது. இன்னொன்று, கிராமத்து ஆலயத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு நடக்கிறோம். சித்திரை மாத உச்சிவெயிலில் வெறுங்கால் பிள்ளைகள் சிமெண்ட் கல்லில் ஓடுவதையும், வேம்பு நிழல் மண்ணில் ஓடுவதையும் ஒருமுறை பார்த்தால் பெரியவர்களே தீர்மானிப்பார்கள்.

கூரைத் தண்ணீர்க் கணக்கு. ஆண்டுக்கு 650 மி.மீ. மழை என்று வைத்தால் 300 சதுர மீட்டருக்கு 1,95,000 லிட்டர். சிதறல், ஆவி போக எண்பது சதவீதம் பிடித்தால் 1,56,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி பதின்மூன்று. நாலு அங்குலத் தாரைக் குழாய் ஒன்று மணிக்கு 50 மி.மீ. மழையில் 80 சதுர மீட்டர் கூரைக்குத்தான் ஈடுகொடுக்கும். ஆகவே நாலு குழாய் வேண்டும்; இரண்டு வைத்தால் வாரி நிரம்பி வழிந்து சுவர் நனையும்.

முதல் மழைத் தண்ணீரில் புறா எச்சமும் தூசியும் வரும். முதல் 2 மி.மீ. மழையை, அதாவது 600 லிட்டரை, வெளியே விட வேண்டும். ஒரு மீட்டர் நீள ஆறு அங்குலக் குழாயை மூடியோடு நிறுத்திவிட்டு 'முதல் மழைக் கழிவுக்கு ஏற்பாடு ஆயிற்று' என்று சொல்வார்கள். அதில் பிடிப்பது 18 லிட்டர்கூட இல்லை. ஒவ்வொரு தாரையிலும் ஒரு வால்வு வைத்து, கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் கால் மணி நேரம் திறந்து விடுங்கள். அதற்கு ஆலயப் பணியாளர் ஒருவர் பொறுப்பு என்று எழுதியே வைக்க வேண்டும். பெயர் எழுதாத வால்வை யாரும் திறப்பதில்லை.

குழி: நாலடி விட்டத்தில் துளையுள்ள சிமெண்ட் வளையம், 15 அடி ஆழம். இதில் 5,000 லிட்டர் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் கூரையிலிருந்து 12,000 லிட்டர் வரும். மணல் மண் உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு குழி போதும், அதற்கு மேல் வருவதற்கு ஒரு நிரம்பு குழாய். குழி முழுக்க ஜல்லி நிரப்புவது பரவலாக நடக்கும் தப்பு. ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடம் நாற்பது சதவீதம்தான். 5,000 லிட்டர் குழி 2,000 ஆகிவிடும். வண்டல் அடைத்தால் சுத்தம் செய்யவும் முடியாது. அடியில் மட்டும் ஒன்றரை அடி ஜல்லி போடுங்கள். வடிகட்டி குழிக்கு முன்னே தனித் தொட்டியில் இருக்கட்டும்: கீழே 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ., மேலே ஆற்று மணல் ஆறு அங்குலம், எல்லாவற்றுக்கும் மேல் கொசு புகாத வலை. மணலை வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், எடுத்துக் கழுவ வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் ஐம்பது அடி தள்ளியே குழி இருக்கட்டும். கூரைத் தண்ணீரை நேராகப் போர்வெல் குழாய்க்குள் விடவே கூடாது. எச்சத்தில் உள்ள கிருமி குடிதண்ணீருக்குப் போகும், திரும்ப எடுக்க வழியில்லை.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒருமுறை இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பிக் குச்சியில் அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நல்லது. தேரிச் செம்மணல் என்றால் கண் முன்னே வற்றும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அது கரிசல். ஈரம் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். அங்கே கரிசலைத் தாண்டிச் சுக்கான்கல் அடுக்கு வரை குழியை இறக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி கட்டிச் சேமிப்பதே வழி.

வேம்புக்கு வருகிறேன். வேர் தளத்தைத் தூக்கும் என்பது உண்மைதான். ஏன் தூக்குகிறது? உணவு எடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடி மண்ணில், கிளை விரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அந்த மண்ணை மூடிவிட்டால் காற்றும் ஈரமும் கிடைப்பது கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மட்டும். வேர் அங்கேதான் வந்து தடிக்கும். அடிமரத்தைச் சுற்றிப் பத்தடி ஆரத்துக்கு மண்ணைத் திறந்து விட்டால் மரமும் தளமும் சமாதானமாக இருக்கும். இடமே இல்லாவிட்டாலும் நாலடிக்குக் குறையக் கூடாது. ஒரு பக்க வேரை வெட்டி எடுத்துவிட்டுப் பாதை போடாதீர்கள். அந்த மரம் அடுத்த ஐப்பசிக் காற்றில் எதிர்ப் பக்கம் சாயும், அடியில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

மரத்தைச் சுற்றி வட்டத் திண்ணை கட்டி உள்ளே மண் நிரப்புவது ஊர் முழுக்க உள்ள பழக்கம். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அடிமரம் வேராக விரியும் அந்தக் கழுத்து காற்றில் இருக்க வேண்டிய பகுதி. ஒரு அடி மண் ஏறினால் பட்டை ஈரத்தில் அழுகும், பத்து வருஷத்தில் மரம் உள்ளே பொக்கு விழும். உட்கார இடம் வேண்டுமானால் பத்தடி தள்ளித் தனித்தனிக் கல் பலகை போடுங்கள். மாசி, பங்குனியில் உதிரும் இலையைக் கொளுத்தாமல் அந்த வட்டத்துக்குள்ளேயே பரப்புங்கள். கொஞ்சம் அசனக் குழிக்கும் எடுத்து வையுங்கள்.

பனையைப் பற்றிக் கவலை வேண்டாம். சல்லி வேர், ஆலமர வேர்போல் தடிப்பதில்லை, மதிலைப் பிளக்காது. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை எடுக்கும்போது மட்டும் கவனம். பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. அரிவாள் ஆழமாகப் போனால் மரம் செத்தது. வடலியில் (இளம்பனையில்) குருத்து எடுக்க வேண்டாம், ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் கையில் ஒரு குருத்தோலையை நாலைந்தாகக் கிழித்துக் கொடுத்தாலும் ஓசன்னா அதே ஓசன்னாதான்.

புதிதாக நடுவதாக இருந்தால் ஜூன் 5இல் நடாதீர்கள். சுற்றுச்சூழல் தினம் என்று அன்றைக்குப் படம் எடுத்துக்கொண்டு நட்ட கன்றுகள் உங்கள் பக்கத்தில் பிழைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட, இங்கே ஆனி, ஆடியில் வறண்ட காற்றுதான். உங்களுக்கு மழை அக்டோபரில். படைப்பின் காலம் என்று சொன்னேனே, செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, அதுவே உங்களுக்குக் குழி தோண்டி ஆறப்போடும் காலம். மூன்றடிக் கனக் குழி, கட்டடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி. பூவரசு, புங்கை, இலுப்பை. முதல் மழை இறங்கியதும் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குங்கள். பனை என்றால் விதையாகவே ஒரு அடி ஆழத்தில், பத்தடி இடைவெளியில். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், ஆகையால் பிடுங்கி நட முடியாது.

அசனத்தில் வாழையிலை ஏற்கெனவே இருக்கிறது, கெடுப்பது தண்ணீர்தான். பாக்கெட்டும் பிளாஸ்டிக் தம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. காகிதக் கப் அதற்கு மாற்று அல்ல, உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் மக்காது. ஆயிரம் பேர் மூன்று பந்தியாக உட்கார்ந்தால் 400 எவர்சில்வர் தம்ளர் போதும்; கழுவ மூன்று தொட்டி. ஒருமுறை வாங்கினால் இருபது வருஷத்துக்கு ஓடும், கல்யாண வீட்டுக்கும் கொடுக்கலாம். எச்சில் இலைக்குப் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் இரண்டு குழி. இலையைக் கிழித்துப் போடுங்கள். மடித்தபடி போட்டால் உள்ளே சோறு புளித்து அப்படியே கிடக்கும். நாலு அங்குலம் எச்சில் இலை, அதற்கு மேல் ஒரு அடி காய்ந்த சருகு, சாணிக் கரைசல் தெளிப்பு, இப்படி அடுக்கடுக்காக. எலும்பைத் தனியாக ஆழமாகப் புதைக்காவிட்டால் நாய் கிளறும். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் கிளறிவிடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை, அதுதான் நாற்றத்துக்குக் காரணம். எறும்பு மொய்த்தால் ஈரம் போதவில்லை. மூன்று மாதத்தில் எரு. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த ஆண்டவர், 'ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு' மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார். வேண்டியதை உண்டாக்க முடிந்தவர் மிச்சத்தைப் பொறுக்கச் சொன்னதை அசன ஜெபத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் பந்தியைத் தொடங்கலாம்.

கல்லறைத் தோட்டத்துக்குச் சுருக்கமாக. பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. யோவான் 19:41இன்படி ஆண்டவரை வைத்ததும் தோட்டத்துக் கல்லறைதான். உயிர்த்தெழுந்தவரை மகதலேனா மரியாள் தோட்டக்காரன் என்று நினைத்தாள். கல்லறையைத் தலைமாட்டுக் கல்லோடு நிறுத்தி, மேலே மண்ணாக விடுவது என்று கமிட்டி ஒரு விதி வைத்தால் இடமும் மிஞ்சும், தண்ணீரும் இறங்கும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு முன் களைக்கொல்லி அடிக்க வேண்டாம். அது மழைக்காலம், அடித்த மருந்து அப்படியே ஓடையில் சேரும். கொடுவாளோ புல் வெட்டும் இயந்திரமோ போதும். சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள், வெட்டினால் மறுபடி தழைக்கும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். வளையம் இறக்குவதும் தாரைக் குழாய் பொருத்துவதும் செப்டம்பருக்குள் முடிய வேண்டும், பாதை வேலை தை மாதத்துக்குப் போகலாம். ஆகவே அடுத்த கூட்டத்தில் வேம்பைப் பற்றிய வாக்குவாதத்தோடு தொடங்காதீர்கள். மண் சோதனைக் குழியைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தோண்டித் தண்ணீர் ஊற்றி வைத்து, எல்லாரையும் வெளியே அழைத்துப் போய்க் குச்சியைக் காட்டுங்கள். பிறகு ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டை எடுத்து, 'காங்கிரீட் தளத்தின்மேல்' என்று எழுதியிருக்கும் வரியை அடித்து 'மணல் படுகையின்மேல்' என்று திருத்தி, 13,000 என்ற இடத்தில் 1,400 எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்.